மாலுக்குள் கிடந்த ஹொண்டா

எஞ்சின் என்றதும் இது ஆம்பிளைகளின் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் நாற்பத்து நான்கு வயது வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவேன், அதன் பெல்ட் கழன்றால் மாட்டுவேன். அதற்கு மேல் இரும்புக்கும் எனக்கும் உறவில்லை. 2022ஆம் ஆண்டின் கஷ்டம்தான் என்னை ஸ்பனரைப் பிடிக்க வைத்தது. அந்தக் கதையை உங்களோடு கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

எங்கள் ஊர் நிந்தவூர். வாப்பா ஆசிரியராக இருந்தார். 1981இல் பழையதாக ஒரு ஹொண்டா சீ 50 வாங்கினார். இளையவர்களுக்கு அது எது என்று தெரியாமல் இருக்கலாம். கால் தூக்கிப் போடாமல் நடுவால் ஏறி உட்காரும் சின்ன மோட்டார் சைக்கிள், கையில் கிளச் இல்லை, இருக்கைக்குக் கீழே பெற்றோல் டேங்க். ஜப்பானில் 1958இல் வெளிவரத் தொடங்கிய 'சுப்பர் கப்' குடும்பத்துப் பிள்ளை அது. அந்தக் குடும்பத்தில் 2017ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி மோட்டார் சைக்கிள்கள் செய்து முடித்தார்கள். இவ்வளவு எண்ணிக்கையில் வேறெந்த மோட்டார் வாகனமும் செய்யப்படவில்லை. எங்களுடையது அந்தப் பத்துக் கோடியில் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கும், வயலுக்கும், எங்களை மத்ரஸாவில் கொண்டுபோய் விடுவதற்கும் அதுவே வாகனம். முன்னால் நான், பின்னால் தம்பி, நடுவில் வாப்பா.

வயதான காலத்தில் வாப்பா அதை என் கணவருக்குக் கொடுத்தார். இவர் கடைக்குப் போய்வர ஓட்டினார். 2019 அளவில் அது சலித்துப் போனது. காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆகும். கடைத்தெருவுக்குப் போய் நிறுத்தினால் பிறகு எழும்பாது, சூடு ஆறும் வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இவர் பொறுமையிழந்து அதை வீட்டுப் பின் மாலுக்குள் தள்ளிவிட்டுச் சைக்கிளில் போகத் தொடங்கினார். மூன்று வருடம் அது அங்கேயே கிடந்தது. மேலே தேங்காய்ச் சாக்கு, கீழே கோழி.

2022 உங்களுக்கு மறந்திருக்காது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு அடுத்த நாட்களில், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். மூத்த மகள் அப்போது உயர்தரம், கணிதப் பிரிவு. வகுப்புக்குக் கல்முனைக்குப் போக வேண்டும். போகவர பதினாறு பதினெட்டுக் கிலோமீற்றர். வேன்காரர் மாதக் காசை இரட்டிப்பாக்கினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவரும் வரிசையில் இரவு முழுக்க நிற்கிறார். ஆனால் எங்களால் அது முடியாத காசு. மகள் தன் பாட்டில், "வகுப்ப விட்டுர்றன் உம்மா, வீட்ட இருந்து படிக்கிறன்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது. சும்மா சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கொப்பிகளை அடுக்கி வைத்தாள்.

இவர் மோட்டார் சைக்கிளை ஒரு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பாஸ் கிக்கரை இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். கால் வெண்ணெய்க்குள் போவது போலப் போனது. "கொம்ப்ரஷன் இல்ல. போர் போயிட்டுது. போர் வெட்டி, பிஸ்டன், ரிங் எல்லாம் போடோணும்" என்று கூலியோடு 38,000 ரூபா கணக்குச் சொன்னார். அங்கே நின்ற இன்னொருவர், கிடக்கிற நிலையிலேயே 25,000 தருவதாகச் சொல்லி 5,000 முற்பணத்தை இவர் கையில் வைத்துவிட்டார். மிச்சக் காசோடு ஹஜ்ஜுப் பெருநாள் முடிய வந்து எடுத்துப் போவார். அந்தக் காசில் மூன்று நான்கு மாத வேன் செலவு போகும் என்பது இவருடைய கணக்கு. கணக்கு பிழையில்லை. நான்காம் மாதத்துக்குப் பிறகு என்ன என்பதற்குத்தான் பதில் இல்லை.

அன்றிரவு வாப்பாவின் பழைய பெட்டியில் வாகனப் புத்தகத்தைத் தேடும்போது ஒரு சின்னக் கொப்பி கிடைத்தது. ஒயில் மாற்றிய திகதி, பிளக் மாற்றிய திகதி, ஓடிய மைல், எல்லாம் வாத்தியார் எழுத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது: 'டெப்பட் 0.05, இரு பக்கமும், எஞ்சின் குளிர்ந்த பின்.' கொப்பி இவர் கைக்கு வண்டி மாறிய காலத்தோடு நின்று போயிருந்தது. "மச்சான், நீங்க இந்த டெப்பட் வேல எப்பயாவது செஞ்சீங்களா?" என்று கேட்டேன். "அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியா" என்றார்.

நான் இரண்டு கிழமை தவணை கேட்டேன். இவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. "இது என்ன புள்ள, பொம்புள செய்யிற வேலையா?" என்றா. பெற்றோல் இல்லாத ஊரில் வண்டியை ஓட்டத்தான் முடியாது, கழற்றிப் பார்ப்பதற்கு யாரும் கியூவில் நிற்கத் தேவையில்லையே என்று சொன்னேன்.

மகள் எனக்கு எஞ்சின் பாடம் எடுத்தாள். அவளுக்குப் பாடப் புத்தகம், எனக்கு அடுப்படி. பிஸ்டன் காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சுகிறது, அமுக்குகிறது, பிளக் பற்றவைக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. அமுக்கும் நேரத்தில் இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும். புட்டுப் பானையின் வாயில் துணி சரியாகச் சுற்றாவிட்டால் ஆவி பக்கத்தால் போய்விடும், எவ்வளவு விறகு வைத்தாலும் புட்டு வேகாது அல்லவா? அதேதான். கிக்கர் வெண்ணெயாகப் போவதற்கு ஆவி எங்கோ கசிகிறது என்பது அர்த்தம். பிஸ்டனின் ரிங் பக்கத்தாலும் கசியலாம், வால்வு பக்கத்தாலும் கசியலாம். ரிங் என்றால் 38,000. வால்வு என்றால்?

இதைப் பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, எஞ்சினைச் சில தரம் சுற்றிவிட்டு மீண்டும் அமுக்கத்தைப் பார்ப்பது. ஒயில் ரிங்கைச் சுற்றிப் படிந்து கசிவை அடைக்கும். அமுக்கம் உடனே கூடினால் குற்றம் ரிங்கிலும் போரிலும். கூடாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். சீ 50இன் சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் முன்பக்கமாகப் படுத்துக் கிடப்பதால் ஒயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும், எனவே இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. ஆனாலும் ஒரு தேக்கரண்டி ஒயிலுக்கு மேல் இதில் நட்டம் ஒன்றும் இல்லை. மூன்று வருடம் கிடந்த எஞ்சினை ஓட்டுவதற்கு முன் உள்ளே கொஞ்சம் ஒயில் விட்டு ஊறவைப்பது எப்படியும் நல்லது. ஒரு இரவு ஊறவிட்டுக் காலையில் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தோம். பிளக் துளையில் மகள் பெருவிரலை வைத்துக்கொண்டாள். விரலைத் தள்ளும் காற்று முந்திய நாளை விடக் கூடவில்லை. அதே சோர்வு.

இனி வால்வு. சிலிண்டர் தலையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வட்ட மூடிகள், 17ஆம் இலக்க ஸ்பனரால் திறக்கலாம். மேலேயுள்ளது உள்ளே வரும் வால்வு, கீழேயுள்ளது புகை போகும் வால்வு. வால்வின் நுனிக்கும் அதை அமுக்கும் சின்னக் கைக்கும் நடுவே 0.05 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு மெல்லிய தலைமுடியின் பருமன் அளவு. அதை அளக்கப் 'பீலர் கேஜ்' என்று ஒரு தகட்டுக் கட்டு விற்கிறார்கள், 900 ரூபாவுக்கு வாங்கினோம். 0.05 என்று எழுதிய தகட்டை நுழைத்துப் பார்த்தால் கீழ் வால்வில் நுழையவே இல்லை. இடைவெளி என்று ஒன்றே அங்கு இல்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருடக் கணக்கில் வால்வு தன் இருக்கையில் அடித்து அடித்துக் கொஞ்சம் உள்ளே அமிழ்கிறது. அமிழ அமிழ அதன் நுனி வெளியே நீள்கிறது, இடைவெளி குறைந்து இல்லாமல் போகிறது. பிறகு வால்வால் முழுக்க மூட முடியாது. சூடேறினால் இரும்பு இன்னும் நீளும், கசிவு கூடும். கடைத்தெருவில் நிறுத்தினால் எழும்பாத நோயின் காரணம் இதுதான். வாப்பா சில மாதங்களுக்கு ஒருமுறை பத்து நிமிடத்தில் செய்த வேலையை நாங்கள் வருடக் கணக்கில் செய்யாமல் விட்டுவிட்டு எஞ்சின் செத்துப் போனது என்று சொல்லியிருக்கிறோம். கராஜ் பாஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். நாளுக்கு இருபது வண்டி பார்க்கிறவர். பழைய வண்டி, கிக்கர் இலேசாகப் போகிறது, பத்தில் எட்டு வண்டியில் அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும்.

இதைச் செய்யப் போய் நான் விட்ட பிழையையும் சொல்லிவிட வேண்டும். இடப் பக்க மூடியைக் கழற்றினால் பெரிய சில்லு ஒன்று தெரியும். அதில் 'T' என்று ஒரு அடையாளம். அது எஞ்சின் உடம்பிலுள்ள கோட்டுக்கு நேராக வரும்போது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம், அப்போதுதான் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். நானும் இடமிருந்து பார்க்க மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, 'T' நேராக வந்ததும் சரிசெய்து, பெருமையாக மூடிவிட்டேன். ஆனால் பிஸ்டன் ஒரு சுற்று வேலைக்குள் இரண்டு தரம் உச்சிக்கு வருகிறது. அமுக்கி முடிக்கும்போது ஒன்று, புகையைத் தள்ளி முடிக்கும்போது ஒன்று. இரண்டாவதில் இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். நான் பிடித்தது அதை. விளைவு என்ன என்று பின்னால் சொல்கிறேன். நீங்கள் செய்வதானால் பிளக் துளையில் விரலை வைத்துக்கொண்டே சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது 'T' நேராக வர வேண்டும். இரண்டு வால்வின் கைகளும் தொளதொளவென்று கொஞ்சம் ஆட வேண்டும். அதுதான் சரியான உச்சி.

வால்வு சரியானால் மட்டும் வண்டி ஓடாது, மூன்று வருட அழுக்கு பாக்கி இருந்தது. ஒயிலை வடித்தோம். மூன்று வருடத்துக் கறுப்பு. வலப் பக்க மூடியைத் திறந்தால் கிளச்சுக்கு மேல் ஒரு வட்டத் தட்டு உண்டு. அது சுழலும்போது ஒயிலிலுள்ள தூசை ஓரத்துக்கு வீசிப் பிடித்துக்கொள்ளும், வடிகட்டி மாதிரி. அதற்குள் இருந்ததைப் பார்த்து மாமியே வாய் திறந்தா: "அடிப்பிடிச்ச தொதல் மாதிரியெல்லோ கிடக்கு!" மாமி சொன்னது சரிதான். கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பக்கத்திலுள்ள கம்பி வலைச் சல்லடையும் அடைபட்டிருந்தது. ஒயில் மாற்றுகிறோம் என்று வடித்து ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிற எவருக்கும் இந்தத் தொதல் கண்ணில் படாது.

அந்த மூடியின் ஸ்குரூ ஆணிகள்தான் எங்களை அழவைத்தன. ஜப்பான் ஆணியின் நட்சத்திரத் தலை, நாங்கள் கடையில் வாங்கும் சாதாரண ஸ்குரு ட்ரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. பலத்தைப் போட்டால் தலை உருண்டு போகும். துருவுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து, ட்ரைவரை ஆணியில் நேராக வைத்துச் சுத்தியலால் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, அந்த அதிர்வோடு திருப்பினால் அசையும். பொறுமைதான். கழற்றிய ஆணிகள் ஒன்றுக்கொன்று நீளம் வேறு. பிஸ்கட் பெட்டியின் மட்டையில் மூடியின் உருவத்தைக் கீறி, எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தோம். இது என் யோசனை. துணி வெட்டும்போது துண்டுகளை அடுக்குகிற பழக்கம்.

கழுவ மண்ணெண்ணெய் வேண்டும், அதுவும் அப்போது கிடையாது. இவருடைய கடையில் மிஞ்சிக் கிடந்த ஒன்றரைப் போத்தல்தான். அதைப் பழைய சட்டியில் ஊற்றி, கழுவி, மூடி வைத்து, மறுநாள் அழுக்கு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவை வடித்தெடுத்துத் திரும்பவும் கழுவினோம். நான்கு நாள் அதே ஒன்றரைப் போத்தல். வெளிப்புறத்துக்குச் சவர்க்காரத் தூளும் சுடுநீரும் தேங்காய்த் தும்பும் போதும். தும்பு தந்தது மாமி. பழைய கஸ்கட் ஒட்டியிருந்த இடங்களைக் காயச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுங்கள். அக்காலத்துக் கஸ்கட்டுகளிலும் பிரேக் லைனரிலும் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், அதன் தூசு நெஞ்சுக்கு நல்லதல்ல. வேலையைத் திறந்த வெளியில், அடுப்புக்குத் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் சட்டியில் கை வைப்பார்கள், என்னுடைய கடைக்குட்டி வைத்தான். வடித்த ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். எங்கள் கடற்கரை மணலில் ஊற்றியது நேராகக் கிணற்றுக்குப் போகும். நாங்கள் போத்தலில் அடைத்து அதே கராஜில் கொடுத்தோம்.

காபரேட்டரைத் திறந்தால் பழைய பெற்றோல் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது. பெற்றோல் போகும் சின்னப் பித்தளைத் துளைகள் அடைபட்டுக் கிடந்தன. ஊசி கையில் இருக்கிறதே என்று எனக்குக் கை துடித்தது. அந்தத் துளையின் அளவில்தான் எல்லாமே இருக்கிறது, உருக்கு ஊசி அதைப் பெரிதாக்கிவிடும், பிறகு வண்டி பெற்றோலைக் குடிக்கும். மின்சார வயரிலிருந்து ஒரே ஒரு மெல்லிய செம்புக் கம்பியை உருவி அதனால் மெதுவாக எடுத்தோம். பிறகு சைக்கிள் பம்பால் ஊதினோம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளைக்குள் வட்டமாக வெளிச்சம் தெரிந்த பிறகுதான் விட்டோம்.

டேங்கில் துரு. வினாகிரி ஊற்றி ஒரு நாள் வைத்து, பழைய நட்டுகள் இருபத்தைந்தை உள்ளே போட்டுக் குலுக்கினோம். எண்ணித்தான் போட வேண்டும். எங்களுக்கு வெளியே வந்தது இருபத்து நான்கு. அந்த ஒன்றுக்காக மகளும் நானும் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் ஆடியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று பார்த்தார்கள். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீரால் கழுவி உடனே வெயிலில் காயவைத்தோம்.

பொயின்ட்டைச் சில்லின் ஜன்னலால் பார்க்கலாம். கறுத்திருந்தது. நைஸ் சேன்ட் பேப்பரால் இலேசாகத் துடைத்து, கலியாணக் காட் ஒன்றிலிருந்து வெட்டிய துண்டை நடுவால் இழுத்துத் தூசை எடுத்து, இடைவெளியை 0.3க்கும் 0.4க்கும் நடுவே வைத்தோம். பிளக் புதிது. காற்று வடிகட்டிக்குள் கரப்பான் குடும்பம் நடத்தியிருந்தது, அதுவும் புதிது. ஒயில் 0.8 லீற்றர்தான் பிடிக்கும், அதிகம் ஊற்றிவிடாதீர்கள். கிளச்சும் அதே ஒயிலில்தான் ஊறுகிறது, ஆகவே காருக்குரிய ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கக்கூடும். மோட்டார் சைக்கிளுக்கு என்று விற்பதையே வாங்குங்கள்.

பதினொன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, தம்பி கொடுத்தனுப்பிய அரைப் போத்தல் பெற்றோலை ஊற்றினோம். இவர் மிதித்தார். நான்காம் மிதியில் எழும்பியது. ஆனால் அந்தச் சத்தம்! தகரக் குடத்துக்குள் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. மாமி காதைப் பொத்தினா. உடனே நிறுத்தச் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கூடாது. என் பிழையான உச்சிதான் காரணம். வால்வு கொஞ்சம் திறந்திருந்த நேரத்தில் இடைவெளியை வைத்ததால், அது மூடும்போது இடைவெளி தாறுமாறாகக் கூடிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது மகள், இரவு பத்து மணிக்கு, தாளில் நான்கு படம் கீறி. எஞ்சின் நன்றாகக் குளிரும் வரை விட்டுவிட்டுச் சுபஹுக்குப் பிறகு இரண்டு பேருமாக மாலுக்குள் போய், இம்முறை விரலை வைத்துச் சுற்றி, சரியான உச்சியில் 0.05 வைத்தோம். தகடு நுழைய வேண்டும், இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கவும் வேண்டும். புது ரூபா நோட்டைப் புத்தகத்துக்குள்ளிருந்து இழுப்பது போல.

மிதித்தால் காலை எதிர்த்தது. இரண்டாம் மிதியில் எழும்பியது. வாப்பாவின் சத்தம். எனக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. இஷாவுக்குப் பிறகு தெரு முனையில் கேட்டால் உம்மா சோற்றை இறக்கும் அந்தச் சத்தம். இவர் கடைத்தெருவுக்குப் போய், நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். சைலன்சரில் முதல் இரண்டு நாள் நீலப் புகை வந்தது, நாங்கள் ஊற்றிய ஒயில் எரிந்தது, பிறகு நின்றுவிட்டது. நில்லாமல் நீலப் புகை வந்துகொண்டே இருந்திருந்தால் பாஸ் சொன்னதுதான் சரி, நான் போய் மன்னிப்புக் கேட்டு 38,000க்கு வழி தேடியிருக்க வேண்டும். போர் வெட்டுவதும் வால்வை இருக்கையோடு அரைத்துப் பொருத்துவதும் வீட்டில் பார்க்கிற வேலையல்ல.

செலவைச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். ஒயில் இரண்டு முறை, ஏனென்றால் முதல் ஒயிலை ஒரு மாதத்தில் மாற்றிவிட்டோம், உள்ளே மிஞ்சிய அழுக்கை அது கழுவி வந்திருந்தது. அதற்கு 4,800. பிளக் 850, காற்று வடிகட்டி 700, பக்க மூடியின் கஸ்கட் 350, காபரேட்டர் ரப்பர் வளையம் 150, பெற்றோல் குழாய் 200, பீலர் கேஜ் 900. மொத்தம் 7,950 ரூபா. வருமான உத்தரவுப் பத்திரமும் காப்புறுதியும் தனி. வாங்க வந்தவரிடம் 5,000ஐத் திருப்பிக் கொடுக்க இவர்தான் போனார். அந்த மனுசர் கொஞ்சம் சத்தம் போட்டார், பேச்சு மாறுகிற ஆள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். இவருக்கு அது வலித்தது. எனக்கும்தான்.

ஜூலைக் கடைசியில் கியூ.ஆர். முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். மற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று முழித்தார்கள். எங்கள் ஐம்பதுக்கு லீற்றருக்கு ஐம்பது கிலோமீற்றருக்குக் குறையாமல் கிடைத்தது. மகளைக் கல்முனைக்கு ஏற்றியிறக்கி, கடைக்கும் போய்வந்து, கிழமை முடிவில் டேங்கில் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நின்ற பிறகும் இவர் அதையேதான் ஓட்டுகிறார். கொப்பியில் இப்போது மகளின் எழுத்து. டெப்பட் வரியையும் அவள்தான் எழுதுகிறாள், நான் தகட்டைப் பிடிக்கிறேன்.

ஒரு குறை மட்டும் பாக்கி. வலப் பக்க மூடியை அவசரத்தில் பூட்டியதில் ஒரு ஆணியை நான் அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அந்த மூலையால் நாளுக்கு ஒரு சொட்டு ஒயில் கசிகிறது. கீழே ஒரு மட்டைத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த பள்ளிக்கூட விடுமுறைக்கு மூடியைத் திரும்பக் கழற்ற வேண்டும். கஸ்கட் வாங்கி அலுமாரியில் வைத்தாயிற்று.